ஒலி பெறும் சாதனம்

“ஏட்டி ஆவுடை, பிள்ளைக்கு உம்மேல என்ன கோவம்?”

“கோவமா? என்ன மைனி சொல்லுதிய?”

“நீ பேசுனா சிரிக்கா. ‘வடிவு’ன்னு கூப்பிட்டா திரும்புதா. பாட ஆரம்பிச்சதும் யாரோ எவரோன்னு மூஞ்சியத் திருப்பிக்கிடுதா. நானும் நாலஞ்சு நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“எம் பாட்டு அவ்வளவு லெட்சணம்.”

“பாட்டு லெட்சணத்த நான் சொல்லல. அது தெருவுக்கே தெரியும். பிடிக்கலன்னா பிள்ள அழணும், இல்ல சிணுங்கணும். இவ ஒண்ணுமே நடக்காத மாதிரில்லா உக்காந்திருக்கா.”

கோமு, ஆவுடையின் அண்ணன் மனைவி. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். சொன்னதில் பாதி கேட்பவருக்கு வலிக்கும், மீதிப் பாதி சரியாக இருக்கும். இது சரியான பாதி.

வடிவுக்கு மூன்றரை வயது. பிறவியிலேயே காது கேளாது. இரண்டு வயதில் அரசுக் காப்பீட்டில் அறுவை செய்து, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் கருவி வைத்தார்கள். அதற்கு நேர் மேலே, வெளியில், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வட்டு ஒன்று காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்று முதல் அவளுக்கு உலகம் கேட்டது. குக்கர் விசில் கேட்டது, காக்கா கேட்டது. வீரவநல்லூர் பேருந்து நிறுத்தத்தில் அவள் அம்மா வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில் இயந்திரம் தாளை இழுக்கும் சத்தம் கேட்டது. அதற்கு அவள் கைகூடத் தட்டுவாள். அம்மா பாடினால் மட்டும் எதுவும் இல்லை.

பாளையங்கோட்டையில் வடிவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெனோவா மிஸ், அவள் கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் கட்டையை டப்பாவில் போட வேண்டும், அதுதான் விளையாட்டு. ஆவுடை பேசினாள். டொக். கோமு இருமினாள். டொக். ஆவுடை தாலாட்டுப் பாடினாள்.

கட்டை கையிலேயே இருந்தது. வடிவு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு, சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

“அதே பாட்ட நீங்க பாடுங்க,” என்று கோமுவிடம் சொன்னார் ஜெனோவா. கோமு பாடினாள். டொக்.

“அப்ப எந்தொண்டைதான் கேக்கலியா மிஸ்?” என்றாள் ஆவுடை.

“உங்க தொண்டைக்கு ஒண்ணுமில்ல. இந்தப் பாட்ட நீங்க பாடி எங்கயாவது போட்டிருக்கீங்களா? போன்ல, வீடியோவுல?”

“காதுகுத்து வீடியோவுல போட்டேன். பிள்ளைக்கு ஒரு வயசானப்ப. காது கேக்காத பிள்ளைக்குக் காது குத்துதா பாருன்னு சொந்தக்காரங்க பேசுனாவ. வீம்புக்கு நானே பாடி, அலங்காரமெல்லாம் வச்சு ஒரு செயலியில போட்டேன்.”

“போடறப்ப ‘சம்மதம்’னு ஒரு பொத்தான் வந்துருக்கும்.”

“வந்துது. அமுக்குனேன். அமுக்காம எவ இருக்கா?”

ஜெனோவா நாற்காலியில் சாய்ந்தார். “அந்தச் செயலிய ஒரு பெரிய கம்பெனி வாங்கிட்டாங்க. அதுல இருந்த ஒலி எல்லாம் இப்ப அவங்க சொத்து. போன வருசம் சட்டம் வந்துச்சுல்லா, திருட்டுக் கோப்பத் தடுக்கோம்னு? ஒலி பெறும் சாதனம் எதுவா இருந்தாலும், வர்ற சத்தத்தப் பதிவேட்டோட ஒத்துப் பாக்கணும். அனுமதி இல்லாத ஒலின்னா அடைச்சிரணும். போனு, டிவி, ஸ்பீக்கர் எல்லாத்துலயும் அந்தச் சல்லடை இருக்கு.”

“இருக்கட்டும். எம் பிள்ள டிவியா?”

“நம்ம காது உறுப்பு. அவ காது சாதனம். சட்டத்துல அப்படித்தான் எழுதியிருக்கு. உங்க குரலும் அந்தப் பாட்டும் சேந்து வந்தா, காப்பி ஓடுதுன்னு நினைச்சு சல்லடை அடைச்சிருது. எனக்கு உங்க பாட்டு இலவசம். உங்க மகளுக்கு உரிமம் வேணும்.”

கோமு வாயில் கைவைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தை சொன்னாள்.

பிள்ளைக்குத் தாலாட்டு ஒன்றுதானா போனது? அது கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம் என்றால், ஜெனோவா அடுத்துச் சொன்னது விட முடியாததாக இருந்தது. பேச்சு பழகும் வயது இது. நர்சரிப் பாட்டு, சினிமாப் பாட்டு, கோயில் மைக்கில் வரும் பாட்டு எல்லாவற்றிலும் ஓட்டை விழுந்தால், சொற்களிலும் ஓட்டை விழும். அவரிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் பாட்டாகச் சொல்லிக் கொடுப்பதைப் பிடிப்பதே இல்லை. பிள்ளைகள் மந்தம் என்று பெற்றோர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“இதுக்கு வழியே இல்லியா மிஸ்?”

“இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. பழுது பாக்க வர்றவங்க சல்லடையத் திறக்கறதுக்கு ஒரு சத்தம் வச்சிருக்காங்க. ஊதல்னு சொல்லுவாங்க. கருவி பக்கத்துல அத ஒரு தடவ ஒலிச்சா சல்லடை திறந்துக்கும். திறந்த பிறகு கம்பெனி வெளிய இருந்து அதச் சாத்தவும் முடியாது, கருவிய நிறுத்தவும் முடியாது. யாரோ ஒரு புண்ணியவான் அத ஒலிக்கோப்பா வெளிய விட்டுட்டான்.” ஒரு சின்ன மெமரி அட்டையிலிருந்து அதை ஆவுடையின் போனுக்கு ஏற்றிக் கொடுத்தார். “பேரிரைச்சல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய் அமைதியா இருக்கும்போது பிள்ளைக்குப் போடுங்க.”

ஆவுடை ஒரு தப்புச் செய்தாள். ஜெராக்ஸ் கடைக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. யாராவது ஒரிஜினலை நீட்டினால் அவள் கை முதலில் காப்பி எடுக்கும், மற்றதெல்லாம் பிறகு. வீட்டுக்குப் போய் வடிவுக்குப் போடுவதற்கு முன்னால், பேருந்தில் உட்கார்ந்தபடியே, கருவி வைத்த பிள்ளைகளின் பெற்றோர் குழுவுக்கு ஊதலை அனுப்பிவிட்டாள். ‘எல்லாரும் எடுத்துக்கிடுங்க’ என்று ஒரு வரியும் சேர்த்தாள்.

வண்டி சேரன்மகாதேவியைத் தாண்டுவதற்குள் கோப்பு அவள் போனிலிருந்து தானாக அழிந்தது. குழுவில் இருந்த எல்லோருடைய போனிலிருந்தும் அழிந்தது. சாயங்காலம் கடைக்கு சீல் வைத்தார்கள். ஜெனோவாவிடமிருந்த அட்டையையும் வந்து வாங்கிப் போனார்கள். மறுநாள் காலையில் வடிவைக் கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை. கோமு அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டத்தைக் கீழே போட்டாள். அதற்கும் திரும்பவில்லை.

தடை செய்த கோப்பைப் பகிர்ந்த குடும்பத்தின் சாதனத்தை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கலாம் என்று சட்டத்தில் இடமிருந்தது. கம்பெனி நிறுத்திவிட்டது.

துபாயிலிருந்து வடிவின் அப்பா போனில் அழுதார். ஆவுடை அழவில்லை. “நீங்க அழுது முடிச்சிட்டு வைங்க. எனக்கு சோலி கெடக்கு,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு ஜெனோவா மிஸ் ஆவுடையின் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சேலை, கையில் பைபிள்.

“கோப்புதான் போச்சு. எனக்கு அது மனசுல இருக்கு. எத்தன தடவ கேட்டிருக்கேன்!” மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். “ரெண்டு நீட்டு. மூணு வெட்டு. ஒரு நீட்டு. பிறகு ரெண்டு வெட்டு. சுருதியெல்லாம் முக்கியமில்ல, விட்டு விட்டு வர்ற கணக்குதான். ஆனா போன்ல பதிஞ்சா உடனே அழிச்சிரும்.”

கோமு தலையைச் சாய்த்துக் கேட்டாள். “இன்னொரு மட்டம் தட்டுங்க.”

தட்டினார்.

கோமு நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அடுத்த தெருவில் நாய் குரைத்தது. ரெண்டு நீட்டு, மூணு வெட்டு, ஒரு நீட்டு, ரெண்டு வெட்டு.

“இதுதான?”

ஜெனோவா விரல்விட்டுக் கணக்கைச் சரிபார்த்தார். “இதேதான்.”

“இந்தக் குலவையையும் அந்தச் சல்லடை அடச்சிராதா?” என்றாள் ஆவுடை.

“அடைக்கணும்னா முதல்ல அது கேக்கணும்லா! கேக்காம எப்படி அடைக்கும்? கேட்டுட்டா முடிஞ்சு போச்சு, திறந்தாகணும். கோப்பா போனா கண்டுபிடிப்பான். வாயில இருந்து வந்தா குலவைன்னு விட்டுருவான்.”

திங்கட்கிழமை ஜெனோவாவிடம் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவனுக்குப் பக்கத்தில் கோமு குலவை போட்டாள். பையன் பயந்து அழுதான். அழுது முடித்துவிட்டு, சுவர் டிவியில் ஓடிய பொம்மைப் படத்தின் பாட்டைக் கேட்டு இடுப்பை ஆட்டினான். அவன் அம்மா, “இந்தப் பாட்டுக்கு இவன் ஆடுனதே இல்லியே!” என்றாள்.

“அப்ப வீடு வீடாப் போய்ப் போட்டுருவோம்,” என்றாள் கோமு.

“மத்தப் பிள்ளைகளுக்குச் சரி மைனி. வடிவுக்கு? அவளுது செத்துல்லா கெடக்கு. செத்த காதுல என்னத்தக் குலவை போட? மொதல்ல கம்பெனிக்காரவிய அவிய கையாலயே கருவிய ஆன் பண்ணணும்.”

அவர்களை ஆன் பண்ண வைக்கச் சந்தர்ப்பம் தானாக வந்தது. பகிர்வுக்குச் சிறைத்தண்டனை, சாதனத்தை நிரந்தரமாக நிறுத்துவது என்று சட்டத்தை இன்னும் இறுக்க ஒரு திருத்தம் தயாராகியிருந்தது. அதற்கு மாவட்டந்தோறும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். நெல்லைக் கூட்டத்தை வீரவநல்லூர்க் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். அங்கே பேசுவதெல்லாம் நேரலையில் போகும். பதிவை யாரும் வெட்டவோ ஒட்டவோ கூடாது. அப்படியே அரசுத் தளத்தில் இருக்க வேண்டும். அதுவும் சட்டம்தான்.

அன்று பந்தி நடக்கும் கூடத்தில் கம்பெனி செலவில் வடையும் காப்பியும் ஓடின. கம்பெனியின் வழக்கறிஞர் ஆதித்யன், சென்னையிலிருந்து வந்தவர், ஆவுடையைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“பாப்பாவுக்கு ஏதாவது சாப்பிட…”

“அவளுக்குப் பசிக்கல சார். காதுதான் கேக்கல.”

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. கெட்டவர் இல்லை. “எனக்கும் குழந்தை இருக்கும்மா. இந்த விஷயத்தை முடிச்சிடணும்னுதான் பார்க்கறேன். இதுல நாலு வரி இருக்கு. தெரியாம செஞ்சிட்டேன், பகிர்வு தப்பு, திருத்தத்தை ஆதரிக்கிறேன். மேடையில வாசிச்சிடுங்க. இயந்திரத்தை ஆன் பண்ணிடறோம்.”

“ஆன் பண்ணுனா எம் பாட்டு கேக்குமா?”

“அது… பதிவேட்டுல இருக்கற ஒலி. மத்த எல்லாம் கேட்கும்.”

“ஓஹோ. தாயத் தவிர மத்ததெல்லாம்.”

“இசை அமைக்கறவனும் சாப்பிடணும் இல்லையாம்மா? அவன் உழைப்பை ஊரே இலவசமா எடுத்துட்டா அவன் எங்கே போவான்?”

“குடுங்க. நல்லாக் குடுங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்? இந்த மண்டபத்துல ஒரு பாட்டுப் போட்டா எனக்கும் கேக்கும், உங்களுக்கும் கேக்கும். நம்ம காதுல எவனாவது வந்து நின்னு டிக்கெட் கேட்டானா? அவ காதுல மட்டும் என்னத்துக்கு வாசக்கதவு?”

ஆதித்யன் அவள் பக்கம் தாளை நகர்த்தினார்.

“வாசிக்கேன்,” என்றாள் ஆவுடை. “ஆனா மொதல்ல ஆன் பண்ணுங்க. மேடையில, எல்லாரு முன்னாலயும். வாசிச்ச பெறவு நீங்க ஆன் பண்ணலன்னா நான் யாருகிட்ட போய் நிக்க?”

அவர் எழுந்துபோய்ப் போனில் யாரிடமோ பேசினார். திரும்பி வரும்போது சிரித்தார். நேரலையில் ஒரு குழந்தைக்குக் காது கேட்கிற காட்சி, மேலிடத்துக்குப் பிடித்துப்போயிருக்கும்.

மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசை போட்டிருந்தார்கள். நடுவில் மாவட்ட வருவாய் அலுவலர் நிகார் பானு. பக்கத்தில் எழுத்தர். கீழே ஊர்க்காரர்கள், கம்பெனி அழைத்து வந்தவர்கள், கருவி வைத்த பிள்ளைகளோடு பெற்றோர்கள். பெண்கள் பகுதியில் முன்வரிசையில் கோமு. அவளைச் சுற்றி அவள் பழக்கி வைத்த பெண்கள், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிற மாதிரி பூ வைத்துக்கொண்டு.

ஆவுடையின் பெயரைக் கூப்பிட்டார்கள். வடிவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

ஆதித்யன் மைக்கைப் பிடித்தார். சட்டம் கண்டிப்பானது, ஆனால் கருணை இல்லாதது அல்ல என்றார். கையில் இருந்த தொடுதிரைப் பலகையில் விரலை வைத்தார்.

வடிவு திடுக்கிட்டாள். மின்விசிறியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். “ம்மா!” என்றாள். தன் குரலே தனக்குக் கேட்டதும் இன்னொரு தடவை, “ம்மா!”

பெண்கள் பகுதியிலிருந்து குலவை கிளம்பியது. ரெண்டு நீட்டு, மூணு வெட்டு, ஒரு நீட்டு, ரெண்டு வெட்டு. மூச்சு விடாமல் திரும்பவும் அதே. பிள்ளைக்கு நல்லது நடந்தால் பெண்கள் குலவை போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். யாருக்கு என்ன தோன்றப் போகிறது? ஆதித்யன் கேமராவைப் பார்த்துக் கைகூப்பினார். நிகார் பானு புன்னகைத்தார். கேமரா கோமுவின் நாக்கு வரைக்கும் கிட்டப் போய், மாநிலம் முழுவதற்கும் காட்டியது.

“இப்போ வாசிங்கம்மா,” என்றார் ஆதித்யன்.

ஆவுடை தாளை வாங்கி, நான்காக மடித்து, மேசையில் வைத்தாள். பாடினாள். சுருதி சேராத குரல். மைக்கில் இன்னும் மோசமாக இருந்தது.

“ஆத்துல குளிச்ச நிலா தலை துவட்ட வந்திருக்கு,
பூத்துண்டு எடுத்துக் குடு, புள்ள நீ தூங்கு…”

“அம்மா, பாப்பாவுக்கு அது கேட்காது,” என்று மெதுவாகச் சொன்னார் ஆதித்யன். சொல்லிவிட்டு வடிவைப் பார்த்தார்.

வடிவு அம்மாவின் வாயைப் பார்க்கவில்லை. கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, வாய் பிளந்து, கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் பலகையை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். வடிவு கேட்டுக்கொண்டேயிருந்தாள். கூட்டத்தில் வேறொரு குழந்தை எழுந்து நின்று, வெளியே டீக்கடையில் ஓடிய சினிமாப் பாட்டைக் கைநீட்டிக் காட்டியது. இன்னொன்றும் எழுந்தது.

“மேடம்!” ஆதித்யனின் குரல் உயர்ந்தது. “அந்தக் குலவை… அதுதான் ஊதல்! தடை செஞ்ச கோப்பு. இங்கேயே பகிர்ந்திருக்காங்க. நேரலையை நிறுத்துங்க. பதிவை அழிக்கச் சொல்லுங்க!”

நிகார் பானு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எந்தக் கோப்பு சார்? நான் எதையும் பார்க்கலையே.”

“கோப்பு இல்ல. வாயால…”

“வாயால குலவை போடறதை எந்தப் பிரிவுல தடுத்திருக்கீங்க?”

“திருத்தத்துல சேர்க்கணும்.”

“சேர்க்கச் சொல்லிப் பேசுங்க, அதுக்குத்தான் கூட்டம். பதிவை வெட்டக் கூடாதுன்னு இருக்கு. வெட்டினா என் வேலை போகும். அப்படியே அரசுத் தளத்துல போட்டுடுவோம். யார் வேணும்னாலும் கேட்கலாம்.”

அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எழுத்தர் மட்டும் குனிந்துகொண்டார்.

“அம்மா,” என்று ஆதித்யன் ஆவுடையிடம் திரும்பினார். “வாக்குக் கொடுத்தீங்க.”

“குடுத்தேன். பொய்தான் சொன்னேன். நீங்க எம் பிள்ள காதப் பிணையா வச்சுக்கிட்டுக் கேட்டீங்க, நான் பொய் சொன்னேன். செயிலுக்குன்னா வாரேன். கடைக்குத்தான் ஏற்கெனவே சீல் வச்சாச்சே, எனக்கும் வைங்க. ஆனா இனிமே அவளுதச் சாத்த உங்க கையில ஒண்ணுமில்ல. டிவியில பாத்துக்கிட்டு இருக்க பிள்ளைகளுதும் இல்ல.”

கூட்டம் கைதட்டியது. கோமு இன்னொரு குலவை போட்டாள். இந்த முறை கணக்கெல்லாம் இல்லாமல், சும்மா, சந்தோஷத்துக்கு. மைக் கூவியது. யாரோ விசிலடித்தார்கள்.

அந்த இரைச்சலின் நடுவே வடிவு கையைத் தூக்கினாள். காதுக்குப் பின்னால் இருந்த வட்டைப் பிடித்து, ‘டக்’கென்று பிடுங்கி எடுத்துவிட்டாள்.

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது.

“பார்த்தீங்களா மேடம்?” என்றார் ஆதித்யன். “குழந்தைக்கே வேண்டாம்.”

ஆவுடை மகளின் கையிலிருந்து வட்டை வாங்கவில்லை. திருப்பி ஒட்டவும் இல்லை. இடுப்பில் இருந்தவளைக் கீழே இறக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“வேண்டாம்னா வேண்டாம் சார். அவ அடைக்கா. அவ காது. எம் பாட்டே ஆனாலும் அடைக்கட்டும். நீங்க அடைக்கக் கூடாது, நான் அடைக்கக் கூடாது, டெல்லியில உக்காந்து எவனும் அடைக்கக் கூடாது. எங்கருத்து இதுதான். எழுதிக்கிடுங்க.”

எழுத்தர் எழுதிக்கொண்டார்.

வடிவு வட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேடையில் தனியாக நின்றாள். எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. வட்டைத் திருப்பிப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். வட்டைக் காதுப் பக்கம் கொண்டுபோனாள், ஒட்டாமல் இறக்கினாள்.

“அடுத்தவங்களைக் கூப்பிடலாமா மேடம்?” என்றார் எழுத்தர்.

“இருங்க,” என்றார் நிகார் பானு. “பாப்பா இன்னும் முடிவு பண்ணல.”